கொடியில் காய்ந்த சட்டைகள்

போன வாரம் ஓர் அம்மா போடியில் இருக்கும் என் தையற்கடைக்கு வந்து பழைய சட்டை ஒன்றை மேசையில் போட்டார். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. முழங்கையில் கிழிந்திருந்தது, ஒட்டுப் போட வேண்டும். உதறி விரித்தேன். பச்சை ஏலக்காய், விறகுப் புகை, காய்ந்து உப்பாகிப்போன வேர்வை. மூன்றும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், மிஷின் மிதியில் இருந்த என் கால் தானாக நின்றுவிட்டது. அந்த அம்மா என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போடியில் இல்லை. மலையில் இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆவணி மாதம் அது. போடிமெட்டைத் தாண்டி அரைமணி நேரம் ஜீப்பில் போனால் ஒரு சரிவில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் மழையில் வழுக்கி விழுந்து, கணுக்காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு போடி வீட்டில் படுத்துவிட்டார். காய் எடுக்கிற பருவம். பழுத்த ஏலக்காய் யாருக்காகவும் காத்திருக்காது. அந்தச் சுற்றில் எடுக்காவிட்டால் வெடித்து வீணாகிவிடும். கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நான் மலை ஏறினேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். இருபது வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே சன்னல், ஊசியின் ஒரே ஓட்டம். ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காதவளுக்கு வாய்த்த தொழில் உட்கார்ந்து செய்கிற தொழில். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, கீழே ஊர் ஒரு கைப்பிடிக் கூரைகளாகச் சுருங்கச் சுருங்க, எனக்கு மூச்சு ஆழமாக வந்தது.

தோட்டத்தில் காயை உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். முன்பக்கம் அடுப்பு, உள்ளே அடுக்கடுக்கான தட்டுகளில் காய். விறகு இரவும் பகலும் எரிய வேண்டும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பேச்சில் அங்கங்கே மலையாளம் தட்டும். புருஷன் இறந்து வெகு நாளாகிறது. ஒரே மகள் தேனியில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். ஸ்டோரை ஒட்டிய ஒற்றை அறைதான் அந்த அக்காவுக்கு வீடு, வேறு வீடு கிடையாது. அவர் என்னைச் ‘சேச்சி’ என்பார், மலையாளத்தில் அதுவும் அக்காதான். நான் அவரை ‘அக்கா’ என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு பக்கம் இளமையை விட்டுக்கொடுக்காமல் இருந்தோம்.

காய் எடுக்க அடிவாரத்துச் சிலமலை கிராமத்திலிருந்து பன்னிரண்டு பெண்கள் தினமும் ஜீப்பில் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒரு பெரியம்மா. குரல் எடுத்தார் என்றால் அடுத்த சரிவில் இருப்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும். அவருடைய மருமகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். புதுப்பெண், கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்க்கும். குந்தியும் குனிந்தும்தான் எடுக்க வேண்டும். அதனால் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். பனி, முள், கொசு எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு. அட்டைக்கு மட்டும் சட்டை போதாது. மழைக்காலத்தில் அட்டை கால்வழியே ஏறிவிடும். உப்பையும் புகையிலைத் தூளையும் கலந்து சட்டைப்பையில் போட்டு வைத்துக்கொண்டு, அவ்வப்போது காலில் தேய்த்துக்கொள்வார்கள். எனக்குப் புகையிலை வாடை ஆகாது.

சாயங்காலம் ஈரச் சட்டையோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார முடியாது. கழற்றி, ஸ்டோரின் பின்சுவரை ஒட்டிக் கட்டியிருக்கும் கம்பியில் போட்டுவிட்டுப் போவார்கள். மேலே தகரச் சார்ப்பு. உள்ளே எரிகிற அடுப்பின் சூட்டில் சுவர் வெதுவெதுவென்று இருக்கும். விடிவதற்குள் சட்டை காய்ந்துவிடும். கைகளை விரித்துக்கொண்டு பன்னிரண்டு சட்டைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால், ஆட்கள் போன பிறகும் அவர்களுடைய அலுப்பு மட்டும் அங்கேயே நின்று ஓய்வெடுப்பதுபோல இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜீப்பிலிருந்து இறங்கிச் சட்டை எடுக்கப் போன அந்த மருமகப் பெண் வீரிட்டாள்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். அவளுடைய சட்டையில் மார்புப் பக்கத்துப் பை முழுசாக இல்லை. அக்குள் பகுதியும் இல்லை. மற்ற பதினோரு சட்டைகளும் அப்படியே தொங்கின.

எங்கள் பக்கத்தில் உடுத்திய துணியில் ஒரு துண்டு காணாமல் போனால் சும்மா விடமாட்டார்கள். வேர்வை பட்ட துணி யார் கைக்குப் போனது, எதற்குப் போனது என்று மனசு நேரே செய்வினைக்குத்தான் ஓடும். படித்தவர், படிக்காதவர் பேதம் கிடையாது. பெரியம்மாவின் முகம் கறுத்தது. "தொடாதீகடி, யாரும் தொடாதீக" என்று ஒரு குச்சியால் அந்தச் சட்டையைத் தள்ளிக்கொண்டே போய்க் குப்பைக் குழிக்குள் விட்டு, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார். அப்போதுதான் விஷயமும் வெளியே வந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். நாலு நாளைக்கு முன்புதான் தெரிந்திருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவள் புதிதாகக் கொண்டுவந்து போட்டிருந்த சட்டையிலும் பை இல்லை.

அன்று காலை யாரும் காய் எடுக்கப் போகவில்லை. ஸ்டோரைச் சுற்றியிருந்த சிமெண்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெரியம்மா என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் எனக்குப் பயம்.

"ஆத்தா, நான் யாரையும் சொல்லல. நீயே ரோசனை பண்ணு. நாங்க பொழுது சாயக் கீழ போயிருறோம். நீ கதவைச் சாத்திட்டுப் படுத்துருற. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கவ யாரு?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"போன வாரம் பிஞ்சையும் சேத்துப் பறிச்சுட்டான்னு, அத்தனை பேருக்கு முன்னால என் மருமக கூடையக் கவுத்துப்போட்டுப் பொறுக்க வச்சாளா இல்லையா? அந்த ஆத்திரம்தான். அவ இருக்கணும், இல்ல நாங்க வரணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிரு."

சரிவைப் பார்த்தேன். செடிக்கு அடியில் காய்கள் பழுத்துக் கிடந்தன. பன்னிரண்டு பேரும் நின்றுபோனால் இந்தச் சுற்று போயிற்று. இதையெல்லாம் நான் அளவெடுத்துப் பார்த்த நேரத்தில் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் நான். அந்த இரண்டு சட்டைகளில் ஒன்றையாவது கையில் எடுத்து, கிழிந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எல்லோரையும்போல எனக்கும் தொடப் பயம். இரண்டாவது சட்டையும் அதே குழிக்குள் போனது.

மத்தியானம் அடுப்படிக்குப் போனேன். அந்த அக்கா விறகை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கும் எல்லாம் எட்டியிருந்தது. நான் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அக்கா, ஒரு ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு எங்கயாவது போயிட்டு வாங்க. நாளைக்குக் காலையில ஆளுகளை இறக்கிவிட்டுட்டுத் திரும்புற ஜீப்புல போயிரலாம்."

மகளைத் தவிர அவருக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் என்பது இரண்டு நாள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கையிலிருந்த விறகை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சி, அந்தச் சட்டையக் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"ம்" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் விறகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண்ணைப் பெரியம்மா அன்றே கீழே அனுப்பிவிட்டார். அக்காவை நான் போகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் மற்றவர்கள் எழுந்து காய் எடுக்கப் போனார்கள். ஆள் குறைந்த இடத்தில் நானே இறங்கினேன். வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் அந்தச் சட்டையையும் கழற்றி, வரிசையின் கடைசியில் மாட்டினேன்.

ஸ்டோரை அடுத்த எங்கள் சின்ன வீட்டில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. விடியற்காலை, வெளியே வெளுக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் பின்சுவர்ப் பக்கம் கம்பி ‘டங்’ என்று அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற சத்தம்.

கதவை ஓசைப்படாமல் திறந்தேன். பனிமூட்டம். தொங்கும் சட்டைகளுக்கு நடுவே கறுப்பாக ஓர் உருவம் குனிந்து நின்றது. கடைசிச் சட்டையில், என் சட்டையில், முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது, அந்த நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை, ஒரு நிம்மதி. ‘பார்த்தாயா, அவள்தான். நான் செய்தது சரிதான்.’ நெஞ்சுக்குள் அப்படி ஒரு திருப்தி பொங்கியது. கையும் களவுமாகப் பிடிக்க இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.

உருவம் தலையைத் தூக்கியது. இரண்டு பெரிய காதுகள். ஒன்று என் பக்கம் திரும்பியது, மற்றது காட்டுப் பக்கமே இருந்தது.

மிளா.

படத்தில் பார்க்கிற புள்ளிமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பசு அளவுக்கு நிற்கும். உடம்பு முழுக்க நனைந்த மரப்பட்டையின் நிறம், கழுத்தில் முரட்டு மயிர், கொம்பு இல்லை, பெட்டை. வாயோரத்தில் என் சட்டையின் பை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே அது மென்றது. அவசரமே இல்லை. கீழ்த்தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது, வெற்றிலை போட்டவர்கள் மெல்லுவதுபோல.

அப்போதுதான் பார்த்தேன், களத்தின் மறுகோடியில் விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். காலடியில் துணிப்பை. கிளம்பத் தயாராகி, அடுப்புக்குக் கடைசியாக விறகு எடுக்க வந்திருக்கிறார். ஒரு கை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தது. மறு கை என்னைப் பார்த்து, அசையாதே என்றது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மிளா அக்குள் பகுதியை நாக்கால் நக்கியது. நீளமான நாக்கு. நக்கிவிட்டுப் பிடித்து இழுத்தது, கம்பி அதிர்ந்தது, துணி நூல் நூலாகப் பிரிந்து வந்தது. பிறகு சார்ப்புக்கு அப்பால், ஏலச்செடிப் புதருக்குள் ஏதோ அசைந்தது. ஒரு குட்டி. முதலில் இலையா குட்டியா என்றே தெரியவில்லை, அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கக் கழுத்தை நீட்டினேன். என் காலடியில் கல் உருண்டது.

மிளா முன்காலால் தரையை ஓங்கித் தட்டியது. வால் விறைத்து எழுந்தது, அதன் அடிப்பக்கம் வெளிறித் தெரிந்தது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம், வெண்கல அண்டாவை யாரோ தட்டியதுபோல ஒரு ‘டாங்க்’. சரிவே அதிர்ந்தது. அடுத்த நொடி தாயும் இல்லை, குட்டியும் இல்லை. ஏல இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கம்பியருகே போய் என் சட்டையைக் கையில் எடுத்தேன். விளிம்பைத் தடவினேன். கத்தரி பட்ட துணி எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வெட்டிய இடத்தில் எல்லா நூலும் ஒரே மட்டத்தில் நிற்கும். இது அப்படி இல்லை. நூல்கள் நீளமும் குட்டையுமாக இழுபட்டு, முறுக்கு அவிழ்ந்து, எச்சிலில் பிசுபிசுத்தன. மிளாவுக்கு மாடு மாதிரிதான், மேல்வாயில் முன்பல் கிடையாது. அதனால் வெட்ட முடியாது, கவ்வி இழுக்கத்தான் முடியும். சிமெண்டுக் களத்தில் குளம்படியும் பதியாது. முந்தின நாயைச் சிறுத்தை தூக்கிப்போன பிறகு நாங்கள் வேறு நாயும் வளர்க்கவில்லை. சாட்சி சொல்ல இருந்தது அந்தத் துணி ஒன்றுதான். அதைத்தான் தொடாமல் புதைத்தோம்.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"ஜீப்பு வரட்டும், சேச்சி" என்று சொல்லிவிட்டு அவர் விறகை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஏழரைக்கு ஜீப் வந்தது. பெரியம்மா அன்று மருமகளையும் கூட்டி வந்திருந்தார், அந்த அக்கா கிளம்புவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். எல்லோரும் இறங்கும்முன்பே நான் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். உளறினேன் என்பதுதான் சரி.

"மிளாவா?" என்றார் பெரியம்மா. "ஏத்தா, காட்டுல தழை பூராவும் தீந்துபோச்சா? சட்டைதான் கேட்டுச்சா, பட்டுச்சேலை எதுவும் கேக்கலையா?"

ஜீப் ஓட்டுகிறவருக்கு வாய் சும்மா இருக்காது. "தீவாளிக்கு எடுத்துக் குடுப்போம் ஆத்தா, அளவு மட்டும் தைக்கிற அக்கா எடுத்துக்கிரட்டும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"சரித்தா, மிளாதான்னே வச்சுக்குவோம். பன்னெண்டு சட்டை தொங்குது. அம்புட்டையும் விட்டுட்டு ரெண்டு நாளும் என் மருமக சட்டையவே எப்பிடித் தேடிப்பிடிச்சுச்சு? பேரா எழுதியிருக்கு அதுல?"

அந்த அக்காவைப் பார்த்தேன். அந்தத் துணிப்பை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. என் கையில் இருந்த சட்டை திடீரென்று ஒன்றுக்கும் உதவாத கந்தலாகிவிட்டது.

அப்போது மருமகப் பெண் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "தொடாதடி!" என்று மாமியார் கத்தியதைக் காதில் வாங்காமல் சட்டையைப் பிடுங்கினாள். பை இருந்த இடத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

"அக்கா, பையில என்ன வச்சிருந்தீக?"

"உப்பு."

"பொகையில?"

"எனக்குப் பொகையில வாடை ஆகாதும்மா. வெறும் உப்புதான்."

அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் ஆகல அத்தை. இந்த வாரமா அந்த வாடை பட்டாலே குமட்டுது. நீங்க கலந்து குடுத்ததக் கொட்டிட்டு வெறும் உப்பத்தான் வச்சிருந்தேன். நீங்க வைவீகன்னு சொல்லல."

பதினோரு பைகளில் புகையிலை கலந்த உப்பு. ஒன்றில் மட்டும் தனி உப்பு. புகையிலை வாடை மிளாவுக்கும் ஆகாது. அந்தப் பெண் சட்டையையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் மூன்று நாளாக இல்லாத ஒன்று தெரிந்தது.

"அதுக்கும் பிள்ளை இருக்குன்னா சொன்னீக?"

"ஆமா. பால்குடிக் குட்டி."

"எனக்குப் புளி கேக்குது, அதுக்கு உப்பு கேட்டிருக்கு" என்றாள். "ரெண்டு பேரும் சேந்தா ஒரு ரசம் வச்சிரலாம்."

முதலில் சிரித்தது அந்த அக்காதான். அதன் பிறகு ஜீப்பே சிரித்தது. பெரியம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுஷி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"பையக் கீழ வையி."

"சேச்சி ரெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்க" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "குடுத்த லீவை விடுவாங்களா?"

"எங்க போவ?"

அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"சிலமலைக்கு வா. எங்க வீட்டுல இரு. தேனிக்குப் போன் பண்ணி மகளையும் அங்கயே வரச் சொல்லு, ரெண்டு நாள் வாய்க்கு ருசியாத் திங்கட்டும். என்ன பாக்குற? சூனியம் வைக்கிறதுன்னாலும் வீட்டுக்குள்ளயே வந்து வச்சுட்டுப் போ, எதுக்கு மலையில இருந்து அலையணும்?"

அக்கா பையைக் கீழே வைத்தார். சாயங்கால ஜீப்பில் போகலாம் என்று முடிவாயிற்று.

அன்று பகல் முழுக்க அவர் அடுப்பைத் தொடவில்லை. லீவு என்றால் லீவுதான். ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் விறகு தள்ளினேன். வாழ்க்கையில் நான் வாங்கிய அத்தனை திட்டையும் சேர்த்தால் அந்த ஒரு பகலுக்கு ஈடாகாது. இப்படித் திணித்தால் காய் கருகும், அப்படி விட்டால் நிறம் போகும், ஊதாதீங்க, கண்ணை மூடிக்கோங்க. இடையிடையே மிளாவைப் பற்றிச் சொன்னார். அவர் ஊரில் அதை ‘ம்லாவு’ என்பார்களாம். மழை கொட்டக் கொட்ட மண்ணிலிருக்கும் உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும், தழையிலும் உப்பு இருக்காது, பால் கொடுக்கிற தாய்க்கு அது போதாது என்றார். குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய் மேயுமாம். தன் வாடையைப் பிடித்துக்கொண்டு சிறுத்தை எதுவும் குட்டியைத் தேடி வந்துவிடக் கூடாதென்று. குட்டி தனியாகக் கிடக்கிறதே என்று பாவப்பட்டுத் தூக்கி வருகிறவர்கள் உண்டு. "தனியா இருக்குறதப் பாத்தா நாமளா ஒரு கதை கட்டிருறோம்" என்றார். தன்னைப் பற்றிச் சொன்னாரா, குட்டியைப் பற்றிச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

மூன்று மணி வாக்கில் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புகையில் கண் எரிந்துகொண்டிருந்தது. வசதியாகப் போயிற்று.

"மன்னிச்சிருங்கக்கா."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"எடுத்தியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சேச்சி. இல்லைன்னு சொல்லியிருப்பேன். நீங்க நம்பாமப் போயிருந்தாலும் போகுது. கேக்காமலே அனுப்பினீங்க பாருங்க, அதுதான்." டம்ளரை என்னிடம் நீட்டினார். "சாரமில்ல. போகட்டும். இன்னும் கொஞ்சம் டீ இருக்கா?"

அவர் இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலை அதே ஜீப்பில் திரும்பி வந்தார். கூடை நிறையச் சிலமலைக் காய்கறி. இன்றைக்கும் அந்த அடுப்பு அவர் கையில்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்குப் பேத்தி பிறந்தபோது, முதல் வெந்நீர் ஊற்ற ஊருக்கு வரவழைத்ததும் அதே கையைத்தான். நான் மறுபடியும் நாற்காலிக்கும் சன்னலுக்கும் வந்துவிட்டேன். கடையில் ஏதாவது ஒன்று காணாமல் போனால், மனசு இன்னமும் முதலில் ஓர் ஆளைத்தான் தேடி ஓடுகிறது, அது நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதைக் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்கிறேன். எத்தனையோ தடவை பதில் என் ஊகத்தைவிடச் சாதாரணமாக இருந்திருக்கிறது.

அக்கா லீவில் கிளம்பிய அன்று சாயங்காலம் ஜீப்பில் அவருக்கு முன்சீட் கொடுத்திருந்தார்கள். பெண்கள் தங்கள் சட்டைகளை ஸ்டோருக்குள்ளேயே மாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்கள். வண்டி உறுமியது. செய்த தப்புக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பரபரப்பு எனக்கு. ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, காட்டோரத்துப் பாறை ஒன்றின் மேல் தினமும் ஒரு பிடி உப்பு வைக்கட்டுமா, அந்தத் தாய் வந்து தின்றுவிட்டுப் போகுமே என்று கேட்டேன்.

அக்கா வேகமாகத் தலையசைத்தார். "வேண்டாம், வேண்டாம். மனுசன் வைக்கிறதத் தின்னு பழகிருச்சுன்னா, அப்புறம் யார் பக்கத்துல வந்தாலும் நிக்கும். எல்லாரும் உப்போடவா வருவாங்க?" ஜீப் நகரத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "மனுசனச் சந்தேகப்படுறது மிளாவோட சோலி, சேச்சி. அந்தச் சோலியப் போய் நம்ம வாங்கிக்கலாமா?"